ஆப் எஞ்சினில் சர்வீஸ்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்? இரவு ரிப்போர்ட் 10 நிமிடத்தில் நின்றுவிடுகிறது

கொல்லிமலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கத்து லாரி அலுவலகங்களுக்காக ஒரு மென்பொருள் நடத்தி வருகிறேன். லோடு புக்கிங், வாடகை, டீசல் செலவு, டிரைவர் பேட்டா, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. நானும் ஒரு தம்பியும், இரண்டே பேர். சர்வர்களை கூகுளே பார்த்துக்கொள்ளும் ஆப் எஞ்சின் ஸ்டாண்டர்டில் பைத்தான் 3, மும்பை ரீஜியன், டேட்டா எல்லாம் கூகுளின் டேட்டாபேஸான டேட்டாஸ்டோரில்.

இரண்டு வருடமாக எல்லாமே ஒரே சர்வீஸில், அதாவது ஆப்பின் தனியாக ஓடும் ஒரே பகுதியில், ஓடியது. டிரைவர்களுக்கு மொபைல் ஆப் கொடுத்த பிறகு சிக்கல் தொடங்கியது. யாராவது ஒரு ஓனர் மாதக் கணக்கை பிடிஎஃப்பாக எடுத்தால் அந்த நேரம் பார்த்து டிரைவர் ஆப் திணறும். சரி என்று போன மாதம் மூன்றாகப் பிரித்தேன். அலுவலகத்தார் பார்க்கும் வெப் பக்கம் டீஃபால்ட் சர்வீஸ், மொபைலுக்கு ஏபிஐ என்று ஒன்று, இரவு வேலைகளுக்கு ஒர்க்கர் என்று ஒன்று. முதல் இரண்டும் ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங் (கோடை ஓட்டும் சர்வர் பிரதிகளான இன்ஸ்டன்ஸ்கள் கூட்டத்துக்கு ஏற்பத் தானாகக் கூடிக் குறையும்), ஒர்க்கர் மட்டும் பேசிக் ஸ்கேலிங் (வேலை வரும்போது இன்ஸ்டன்ஸ் எழும்), பி2 அளவு இன்ஸ்டன்ஸ்.

இரவு 2 மணிக்கு எல்லா அலுவலகத்துக்கும் அன்றைய கணக்கு தயாராக வேண்டும். ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங்கில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 10 நிமிடம்தான், பேசிக்கில் 24 மணி நேரம் வரை போகலாம் என்று படித்துத்தான் ஒர்க்கரைத் தனியாக வைத்தேன். எந்த வேலை எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் கிரான் கோப்பில் டார்கெட், அதாவது போக வேண்டிய சர்வீஸ், ஒர்க்கர் என்று தெளிவாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் தினமும் சரியாகப் பத்தாவது நிமிடத்தில் வேலை நின்றுவிடுகிறது. பாதி அலுவலகத்துக்குக் கணக்கு போகும், மீதிப் பேர் காலையில் போன் செய்கிறார்கள். நான்கு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் ஒரு ஆப்.யாம்ல் (சர்வீஸின் அமைப்புக் கோப்பு), ஒரு கிரான்.யாம்ல் என்று வைத்திருக்கிறேன். பொதுவான கோடை மூன்றிலும் காப்பி எடுத்துப் போட்டிருக்கிறேன். சோதனைக்கு டெஸ்ட் என்று நான்காவதாக ஒரு சர்வீஸும் உண்டு. இது சரியான அமைப்பா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

முதலில் ஒன்று பாருங்கள். லாக் எக்ஸ்ப்ளோரரில் அந்த நின்றுபோன ரிக்வெஸ்ட்டைத் திறந்து, ரிசோர்ஸ் லேபிளில் மாட்யூல் ஐடி என்ன என்று சொல்லுங்கள். சர்வீஸுக்குப் பழைய பெயர் மாட்யூல், லாக்கில் இன்னும் அந்தப் பெயரே இருக்கிறது. அப்புறம் எந்தப் பாதை எந்த சர்வீஸுக்குப் போகும் என்று சொல்லும் டிஸ்பாட்ச்.யாம்ல் இருந்தால் அதில் உள்ள விதிகளையும் எழுதுங்கள்.

கொல்லிமலைக்காரன்

பார்த்தேன். மாட்யூல் ஐடி ஏபிஐ என்று இருக்கிறது! ஒர்க்கர் இல்லை! கிரானில் திரும்பவும் பார்த்தேன், டார்கெட் ஒர்க்கர்தான்.

டிஸ்பாட்சில் இரண்டு விதி. எந்த ஹோஸ்டாக இருந்தாலும் வி1 என்று தொடங்கும் பாதை ஏபிஐக்கு. ரிப்போர்ட்ஸ் என்று தொடங்கும் பாதையும் ஏபிஐக்கு, ஏனென்றால் பழைய மொபைல் ஆப் அந்தப் பாதையைத்தான் கூப்பிடுகிறது, இன்னும் நிறைய டிரைவர்கள் அப்டேட் செய்யவில்லை. கிரான் கூப்பிடுவது ரிப்போர்ட்ஸ், அதற்குக் கீழே நைட்லி.

இரவுப்பணி

அதுதான் காரணம். கிரானில் நீங்கள் என்ன டார்கெட் எழுதினாலும், அந்தப் பாதை டிஸ்பாட்ச் விதி ஒன்றுடன் பொருந்திவிட்டால் டிஸ்பாட்ச் சொல்லும் சர்வீஸுக்குத்தான் ரிக்வெஸ்ட் போகும். ஆவணத்திலேயே இதை உதாரணத்தோடு எழுதியிருக்கிறார்கள், ஆனால் கிரான் பற்றி எழுதிய இடத்தில் ஒரு ஓரமாக இருப்பதால் டிஸ்பாட்சைப் படிப்பவர் கண்ணில் படாது. உங்கள் ரிப்போர்ட்ஸ் விதி நைட்லியையும் சேர்த்துப் பிடித்து ஏபிஐக்கு அனுப்பியிருக்கிறது. ஏபிஐ ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங். பத்தாவது நிமிடம் முடிந்தது.

உடனே செய்ய வேண்டியது, இரவு வேலையின் பாதையை மாற்றுங்கள். நைட் என்று தொடங்கும் புதிய பாதை வைத்தால் எந்த விதியும் பிடிக்காது, கிரானில் எழுதிய டார்கெட்டே செல்லும். பாதையை மாற்ற முடியாது என்றால் ரிப்போர்ட்ஸ் நைட்லி என்று முழுப் பாதையையும் ஒர்க்கருக்கு அனுப்பும் ஒரு விதியை, பொதுவான ரிப்போர்ட்ஸ் விதிக்கு மேலே போடுங்கள். மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதைத்தான் எடுக்கும், கீழே போட்டால் பலன் இல்லை. விதிகள் மொத்தம் 20தான் வைக்க முடியும் என்பதால் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் பழக்கம் வேண்டாம்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. ஏபிஐயில் இரவு ரிப்போர்ட் கோடே இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாள் இரவே 404 (அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பிழை) வந்திருக்கும், மறுநாள் காலையில் கண்டுபிடித்திருப்பீர்கள். பொதுக் கோடு என்று எல்லாவற்றையும் மூன்று இடத்திலும் காப்பி போட்டதால், போகக் கூடாத இடத்துக்குப் போன வேலையும் பாதி வரை ஓடியிருக்கிறது. தவறு வெளியே தெரியாமல் மறைந்ததற்கு அந்தக் காப்பிதான் காரணம்.

கொல்லிமலைக்காரன்

மிக்க நன்றி, இன்று இரவே மாற்றுகிறேன். அப்புறம் காப்பி எடுக்காமல் எப்படி? ஒர்க்கர் ஃபோல்டரிலிருந்து டெப்ளாய் செய்தால், அதாவது கோடை கூகுளில் ஏற்றினால், அதற்கு மேலே உள்ள ஃபோல்டர் அப்லோட் ஆவதில்லையே. அதனால்தான் வேறு வழியில்லாமல் காப்பி போட்டேன்.

பழையபைத்தான்

இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

சர்வீஸ் கோப்பின் பெயர் ஆப்.யாம்ல் என்றுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோடு முழுவதும் இருக்கும் ரிப்போவின் மேல் மட்டத்திலேயே வெப்.யாம்ல், ஏபிஐ.யாம்ல், ஒர்க்கர்.யாம்ல் என்று மூன்றையும் வைத்து, ஒவ்வொன்றிலும் சர்வீஸ் வரியில் அதன் பெயரையும் என்ட்ரிபாயின்ட் வரியில் அதற்குரிய மெயின் கோப்பையும் சொல்லிவிடலாம். டெப்ளாய் செய்யும்போது எந்த யாம்ல் என்று சொன்னால் போதும். மூன்று சர்வீஸுக்கும் முழுக் கோடும் அப்லோட் ஆகும், ஆனால் ஓடும்போது ஏபிஐயின் மெயின் கோப்பு தன்னுடைய ரூட்டுகளை மட்டும்தான் ஏற்றும், அதனால் இரவுப்பணி சொன்ன அந்த 404 கிடைக்கும். குறை என்னவென்றால் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு ஒன்றே மூன்றுக்கும் பொது. பிடிஎஃப் லைப்ரரி ஏபிஐயிலும் இன்ஸ்டால் ஆகும். இன்னொரு வழி, பொதுக் கோடைத் தனி பேக்கேஜாக்கி கூகுளின் பேக்கேஜ் கிடங்கான ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரியில் போட்டு மூன்றும் அதை எடுத்துக்கொள்வது. பத்துப் பேர் உள்ள டீமுக்கு அது நல்லது. இரண்டு பேருக்கு, ஒரு வரி திருத்தினாலும் பேக்கேஜ் வெர்ஷன் ஏற்றி மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், ஒரு மாதத்தில் சலித்துப்போகும். நீங்கள் முதல் வழியில் போங்கள்.

ஆனால் உங்கள் பதிவைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது வேறு இடத்தில். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கிரான்.யாம்ல் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிரான் கோப்பு சர்வீஸுக்கு உரியது இல்லை, அது அந்த முழு ஆப்புக்கும் ஒன்றுதான். ஒர்க்கர் ஃபோல்டரிலிருந்து கிரானை டெப்ளாய் செய்தால் ஏற்கெனவே இருந்த எல்லா வேலையும் போய், இந்தக் கோப்பில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். டிஸ்பாட்சும் அப்படியே, முழு ஆப்புக்கும் ஒரே கோப்பு. நான் ஒரு பழைய வேலையில் இதை நேரடியாக அனுபவித்தேன். வெப் ஃபோல்டரில் இரண்டே வேலை உள்ள ஒரு கிரான் கோப்பு கிடந்தது, அதை அவசரத்தில் நான்தான் டெப்ளாய் செய்தேன். பேக்கப் வேலை பட்டியலிலிருந்து போய்விட்டது. பேக்கப் இல்லை என்பது, அது தேவைப்பட்ட நாளில்தான் தெரிந்தது, அதற்குள் 19 நாள் ஓடிவிட்டது.

அதனால் கிரான், டிஸ்பாட்ச், இன்டெக்ஸ் (டேட்டாஸ்டோர் தேடலுக்கான பட்டியல்), க்யூ (வேலை வரிசை) இவை நான்கையும் மேல் மட்டத்தில் ஒரே இடத்தில் வையுங்கள், ஃபோல்டர்களுக்குள் இருப்பவற்றை இன்றே அழியுங்கள். இன்டெக்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, டெப்ளாய் செய்தால் புதியது சேருமே தவிரப் பழையது தானாகப் போகாது, அதற்கு க்ளீனப் என்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. யாம்ல் கோப்பில் சர்வீஸ் வரியை எழுத மறந்தால் அது டீஃபால்ட் சர்வீஸுக்குப் போய் உட்காரும். புதிதாக டெப்ளாய் செய்த வெர்ஷன் உடனே முழு டிராஃபிக்கையும் எடுத்துக்கொள்வதுதான் இயல்பு என்பதால், மறந்த அந்த நிமிடமே லாரி அலுவலகத்தார் எல்லோருக்கும் ஒர்க்கர் பக்கம் தெரியும். டிராஃபிக்கை மாற்றாமல் ஏற்றும் நோ ப்ரமோட் போட்டு டெப்ளாய் செய்து, வெர்ஷனுக்கான தனி முகவரியில் திறந்து பார்த்து, அப்புறம் டிராஃபிக்கை மாற்றுங்கள்.

கொல்லிமலைக்காரன்

ஐயோ. இப்போதுதான் கன்சோலில் கிரான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று வேலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. பழைய ஓடிபிகளை அழிக்கும் வேலையும், டீசல் விலை எடுக்கும் வேலையும் இல்லவே இல்லை. டீசல் விலை மாறவில்லை என்று ஒருவர் போன வாரம் சொன்னபோது விலையே மாறியிருக்காது என்று நினைத்துவிட்டேன். அவருக்கு இன்றே போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

தறிவீடு

டெஸ்ட் சர்வீஸ் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். ஒரே ப்ராஜெக்ட்டில் உள்ள எல்லா சர்வீஸுக்கும் டேட்டாஸ்டோர் ஒன்றுதான். சர்வீஸ் என்பது கோடையும் ஸ்கேலிங்கையும் பிரிக்கும், டேட்டாவைப் பிரிக்காது. டெஸ்ட் சர்வீஸில் நீங்கள் அழிக்கும் ஒரு புக்கிங், நிஜ புக்கிங். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டெஸ்ட் என்று நம்பி ஒரு மாத பில்களை அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவே முடியாது, பெயர் டெஸ்ட் என்றுதானே இருந்தது. இரண்டு நாள் முழு அலுவலகமும் உட்கார்ந்து காகித பில்லைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அதன் பிறகு சோதனைக்குத் தனி ப்ராஜெக்ட்தான். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆப் எஞ்சின் ஆப்தான் என்பதால் அமைப்பும் அப்படியே இன்னொரு பிரதியாக வந்துவிடும், வேறு ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஒன்று மட்டும், புதிய ப்ராஜெக்ட்டில் ரீஜியனைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள், ஒருமுறை வைத்தால் பிறகு மாற்ற முடியாது.

பழையபைத்தான்

டேட்டாஸ்டோரில் நேம்ஸ்பேஸ், அதாவது டேட்டாவுக்குத் தனிப் பெயர்ப் பிரிவு, வைத்துப் பிரிக்கலாமே? சின்ன ஆப்புக்கு இரண்டு ப்ராஜெக்ட் பராமரிப்பதும் ஒரு சுமைதான்.

தறிவீடு

நேம்ஸ்பேஸ் என்பது கோடில் ஒருவர் மறக்காமல் எழுத வேண்டிய ஒன்று. மறந்தால் டீஃபால்ட் நேம்ஸ்பேஸுக்குப் போகும், அதாவது நிஜ டேட்டாவுக்கு. தனி ப்ராஜெக்ட் என்றால் டெஸ்ட்டின் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு (கோடு எந்த அனுமதியோடு ஓடுகிறதோ அந்தக் கணக்கு) நிஜ டேட்டா மேல் அனுமதியே இருக்காது, மறந்தாலும் ஒன்றும் ஆகாது. எனக்கு இந்த விஷயத்தில் இரண்டாவது கருத்து இல்லை. சுமை என்றால் சுமைதான், அந்த இரண்டு நாளை நினைத்துப் பார்த்தால் தாங்கிக்கொள்ளலாம்.

பழையபைத்தான்

அனுமதி பற்றிச் சொன்னது நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

கப்பல்துறை

இவ்வளவையும் பார்க்கும்போது ஒர்க்கரை மட்டுமாவது கன்டெய்னர்களை ஓட்டும் கூகுளின் கிளவுட் ரன்னுக்கு மாற்றலாமே என்று தோன்றுகிறது. டிஸ்பாட்ச் குழப்பமே கிடையாது, ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி முகவரி, தனி சர்வீஸ் அக்கவுண்ட். ரிக்வெஸ்ட்டுக்கு 60 நிமிடம் வரை வைத்துக்கொள்ளலாம், சும்மா விட்டால் 5 நிமிடம், அதை மறக்காமல் ஏற்ற வேண்டும். பிடிஎஃப்புக்காக இன்னும் வசதி. தமிழில் கணக்கு அடிப்பவர்களுக்குத் தெரியும், எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத லைப்ரரியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சரியாக வர ஹார்ஃப்பஸ், பாங்கோ மாதிரியான சிஸ்டம் லைப்ரரிகள் வேண்டும். கன்டெய்னர் என்பது கோடும் தேவையான லைப்ரரிகளும் சேர்ந்த பொதி என்பதால் அவற்றை நாமே டாக்கர்ஃபைலில் போட்டுக்கொள்ளலாம், ஆப் எஞ்சின் ஸ்டாண்டர்டில் அங்கே இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இரவுப்பணி

கன்டெய்னர் நல்ல யோசனைதான், ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். தூக்கமில்லாமல் இருக்கும் இரண்டு பேர் ஒரே வாரத்தில் அமைப்பையும் மாற்றி மேடையையும் மாற்றினால், ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்று தெரியாது. முதலில் இருப்பதை ஒழுங்கு செய்யட்டும்.

அதோடு, கிளவுட் ரன்னுக்குப் போனாலும் போகாவிட்டாலும் 24 மணி நேரம் கிடைக்கிறது என்பதற்காக எல்லா அலுவலகத்தையும் ஒரே ரிக்வெஸ்ட்டில் சுற்றி வரும் அந்த லூப் இருக்கக் கூடாது. நண்பரே, எத்தனை அலுவலகம்? அறுபது என்று வைத்துக்கொள்வோம். கிரான் கூப்பிட்டதும் அறுபது டாஸ்க்கை, வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டும் கிளவுட் டாஸ்க்ஸ் க்யூவில் போட்டுவிட்டு அந்த ரிக்வெஸ்ட் முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு டாஸ்க்கும் ஒரே அலுவலகத்தின் கணக்கு. ஒன்று தோற்றால் அது மட்டும் திரும்ப ஓடும், மற்ற 59 பேருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு அலுவலகத்துக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது என்றால் 10 நிமிட வரம்பு உங்களைத் தொடவே தொடாது, ஒர்க்கரைக்கூட ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங்கில் விடலாம். ஒரே டாஸ்க் இரண்டு தடவை ஓடினாலும் ஓனருக்கு இரண்டு மெசேஜ் போகாத மாதிரி, இந்தத் தேதிக்கு இந்த அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

சர்வீஸ் பிரிப்பதில் நான் பார்க்கும் ஒரே விஷயம், பதிலுக்கு யார் காத்திருக்கிறார்கள் என்பதுதான். சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்தி ஒரு டிரைவர் ஆப்பைத் திறந்தால் அவருக்கு இரண்டு விநாடியில் பதில் வர வேண்டும். ஓனர் பத்து விநாடி பொறுப்பார். இரவுக் கணக்குக்கு யாரும் காத்திருக்கவில்லை, காலையில் இருந்தால் போதும். உங்கள் மூன்று பிரிவும் இந்தக் கணக்கில் சரியாகவே இருக்கின்றன. புக்கிங், பேட்டா, டீசல் என்று பொருள்வாரியாகப் பிரிக்காமல் விட்டீர்களே, அதுவே பாதி வேலை.

அப்புறம், நைட் பாதையை வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால்? கிரான் வரும்போது ரிக்வெஸ்ட்டோடு எக்ஸ் ஆப்எஞ்சின் கிரான் என்று ஒரு ஹெடர் (கூடவே வரும் குறிப்பு) வரும். வெளியாள் அதே பெயரில் ஹெடர் அனுப்பினால் ஆப் எஞ்சினே நீக்கிவிடும், அதனால் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) கொடுத்துவிடுங்கள்.

கொல்லிமலைக்காரன்

அலுவலகம் 43. லூப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. ஒரு சின்ன சந்தேகம், கிரானில் இரவு 2 மணிக்கு ஓட 20:30 என்று எழுதியிருக்கிறேன், முதலில் 02:00 என்று போட்டபோது காலை 7:30க்கு ஓடியது, அதனால் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து எழுதினேன். இப்படித்தான் எல்லோரும் செய்கிறீர்களா?

தறிவீடு

இல்லை இல்லை. டைம்ஸோன் என்று ஒரு வரி உண்டு, ஏசியா கொல்கத்தா என்று போட்டுவிட்டு 02:00 என்றே எழுதுங்கள். அந்த வரி இல்லையென்றால் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்தான். ஆறு மாதம் கழித்து உங்கள் தம்பி அந்தக் கோப்பைத் திறந்தால் 20:30 ஏன் என்று தெரியாமல் மாற்றிவிடுவார்.

ஆமாம், எஸ்எம்எஸ் கேட்வே கீ, பேமென்ட் கீ எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கொல்லிமலைக்காரன்

ஆப்.யாம்லில் என்வ் வேரியபிள்ஸ் கீழே. அந்தக் கோப்பு கோடு மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் இருக்கிறது. ரிப்போ பிரைவேட்தான்.

தறிவீடு

பிரைவேட் என்றாலும், நாளைக்கு ஒருவரை வேலைக்கு எடுத்து ரிப்போவைக் கொடுத்தால் பேமென்ட் கீயையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. ரகசியக் கீகளை வைக்கும் கூகுளின் சீக்ரெட் மேனேஜரில் போட்டு, ஆப் தொடங்கும்போது லைப்ரரி வழியாக ஒரு முறை எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேமென்ட் கீ ஏபிஐக்கு மட்டும்தான் வேண்டும். மூன்று சர்வீஸும் ஒரே டீஃபால்ட் சர்வீஸ் அக்கவுண்ட்டில் ஓடினால் மூன்றுக்கும் அது தெரியும், அதனால் ஒவ்வொரு யாம்லிலும் சர்வீஸ் அக்கவுண்ட் வரி எழுதித் தனித்தனியாகக் கொடுங்கள். கிட்டிலிருந்து அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பிரதியில், கீ அப்படியே இருக்கும். கீயையே புதிதாக மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கொல்லிமலைக்காரன்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். யாம்ல் மூன்றும் மேல் மட்டத்துக்கு வந்துவிட்டன, கிரான் ஒன்று, டிஸ்பாட்ச் ஒன்று. டெஸ்ட் சர்வீஸை அழித்துத் தனி ப்ராஜெக்ட் போட்டாயிற்று. கீ இரண்டையும் மாற்றினேன், எஸ்எம்எஸ் கீ மாற்றும்போது ஒரு மணி நேரம் ஓடிபி போகவில்லை, அதை மதிய நேரத்தில் செய்தது என் தவறு, இனி இரவில்தான். 43 டாஸ்க்கும் நேற்று இரவு எட்டு நிமிடத்துக்குள் முடிந்தன. ஒன்று மட்டும் தோற்றுத் திரும்ப ஓடிச் சரியானது, யாரும் போன் செய்யவில்லை.

ஆனால் பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஒர்க்கர் இரவில் பத்து நிமிடம்தான் ஓடுகிறது, பகலிலும் இன்ஸ்டன்ஸ் கணக்கு ஏறுகிறது.

பழையபைத்தான்

கன்சோலில் ஒர்க்கர் சர்வீஸின் வெர்ஷன் பட்டியலைத் திறந்து, ஸ்கேலிங் மேனுவல் என்று ஏதாவது பழைய வெர்ஷன் இருக்கிறதா பாருங்கள். மேனுவல் ஸ்கேலிங் வெர்ஷன் டிராஃபிக் பூஜ்யமாக இருந்தாலும் நாம் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பி வகை இன்ஸ்டன்ஸுக்கு நாளுக்கு 9 மணி நேரம்தான் இலவசம், பி2 என்றால் ஒரு மணி நேரம் இரண்டாகக் கணக்காகும்.

கொல்லிமலைக்காரன்

இருக்கிறது. பிரித்த முதல் நாள் சோதனைக்காக மேனுவலில் போட்ட வெர்ஷன், இரண்டு இன்ஸ்டன்ஸ், அன்றிலிருந்து ஓடுகிறது. நிறுத்திவிட்டேன். டெப்ளாய் ஸ்கிரிப்ட்டில் கடைசி மூன்று வெர்ஷன் தவிர மற்றதை அழிக்க ஒரு வரி சேர்க்கிறேன், எழுதியதும் இங்கே போடுகிறேன், டிராஃபிக் உள்ள வெர்ஷனைத் தொடாமல் இருக்கிறதா என்று யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.